தேம்ஸ் நதியில் யாருக்கு வழி?

லண்டன் மாநகரின் நடுவே ஓடும் தேம்ஸ் நதியைப் படங்களில் மட்டும் பார்த்தவர்களுக்கு, அது சுற்றுலாப் பயணிகளுக்கான ஆறாகத் தோன்றலாம். உண்மையில் அது இன்றும் உழைக்கும் ஆறு. நகரத்துக் குப்பை நிறைந்த கொள்கலன்களைச் சுமக்கும் தோணிகளை இழுவைப் படகுகள் இழுத்துச் செல்கின்றன. கட்டுமானப் பணிக்கான மணலும் சரளைக்கல்லும் நீர்வழியே வந்து இறங்குகின்றன. வேலைக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்டு விரைவுப் படகுகள் போய்வருகின்றன. இதே ஆற்றில்தான் மாணவர்கள் துடுப்புப் படகு ஓட்டப் பழகுகிறார்கள். விடுமுறை நாள்களில் கயாக்குகளும் பாய்மரப் படகுகளும் இறங்குகின்றன.

இவர்களுள் யார் யாருக்கு வழிவிட வேண்டும்?

பெரிய கப்பல் சற்று வேகத்தைக் குறைத்தால் போதுமே என்று எண்ணத் தோன்றும். ஆனால், கப்பலுக்குக் காரைப்போலப் பிரேக் கிடையாது. மேலும், சுக்கானின் மீது நீர் பாய்ந்தால்தான் கப்பல் திரும்பும். சுற்றியுள்ள நீரைவிடக் கப்பல் வேகமாக நகர்ந்தால்தான் நீர் அவ்வாறு பாயும். தேம்ஸ் நதியோ கடல் ஓதத்துக்கு உட்பட்டது. லண்டன் பாலத்தருகே நீர்மட்டம் நாளுக்கு இருமுறை, சில நாள்களில் சுமார் 7 மீட்டர்வரை, ஏறி இறங்குகிறது. அவ்வளவு நீரும் பாலங்களின் தூண்களுக்கிடையே பாய்ந்தாக வேண்டும். அந்த ஓட்டத்தோடு செல்லும் கப்பல் வேகத்தை மிகவும் குறைத்தால், நின்றுவிடாது. கட்டுப்பாட்டை இழந்து, நீர் இழுத்த பக்கம் போகும்.

1972ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடற்போக்குவரத்து விதிகள் இதைக் கருத்தில் கொண்டவை. ஒடுங்கிய நீர்வழியில், அந்த வழியை விட்டு விலக முடியாத கப்பலுக்கு 20 மீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள படகுகளும் பாய்மரப் படகுகளும் இடையூறு செய்யக்கூடாது. பாய்மரத்துக்கு இயந்திரப் படகு எப்போதும் வழிவிட வேண்டும் என்று பலர் நினைப்பதுண்டு. திறந்த கடலில் அது பெரும்பாலும் சரி. ஒடுங்கிய ஆற்றில் அப்படியன்று. எதிரே உள்ள படகின் நோக்கம் புரியவில்லை என்றால், கப்பல் குறைந்தது 5 முறை விட்டுவிட்டு ஊதும். அந்த ஒலியைக் கேட்டும் அசையாமல் இருப்பது ஆபத்து.

அப்படியானால் சிறிய படகுகள் மட்டுமே எச்சரிக்கையாக இருந்தால் போதுமா? 1989ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி அதிகாலையில் நடந்த விபத்து, போதாது என்பதைக் காட்டியது. மார்ச்சியோனஸ் என்ற உல்லாசப் படகில் பிறந்தநாள் விருந்து நடந்துகொண்டிருந்தது. அதில் சுமார் 130 பேர் இருந்தனர். அதே திசையில் பின்னால் வந்த போபெல் என்ற மணல் அள்ளும் கப்பல் அதன்மீது மோதியது. ஒரு நிமிடத்திற்குள் படகு மூழ்கியது. 51 பேர் உயிரிழந்தனர். எது நடந்தது என்று புரிந்துகொள்ளக்கூடப் பலருக்கு நேரம் இருக்கவில்லை.

இரு கலங்களிலும் சரியான கண்காணிப்பு இல்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. கப்பலின் பின்பகுதியில் இருந்த மாலுமிக்கு, முன்னால் இருந்த இயந்திரத் தளவாடங்கள் பார்வையை மறைத்தன. உல்லாசப் படகை ஓட்டியவருக்கோ பின்புறம் சரியாகத் தெரியவில்லை. வழிவிட வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு முன்பாகவே, ஒருவரை ஒருவர் பார்க்க முடிந்ததா என்ற கேள்வி இருந்தது. இவ்விபத்தைப் பற்றிய விசாரணைகளின் பின்னணியில், 2002ஆம் ஆண்டில் தேம்ஸ் நதியில் உயிர்காப்புப் படகு நிலையங்கள் அமைக்கப்பட்டன.

பார்வைச் சிக்கல் துடுப்புப் படகுகளுக்கும் உண்டு. துடுப்பு வலிப்பவர் தாம் செல்லும் திசைக்கு முதுகைக் காட்டியே அமர்கிறார்! எட்டுப் பேர் வலிக்கும் படகில் திசைகாட்ட ஒருவர் முன்னோக்கி அமர்ந்திருப்பார். தனியாகச் செல்பவரோ அடிக்கடி தலையைத் திருப்பிப் பார்த்தாக வேண்டும். ஆதலால், பட்னிக்கு மேலே துடுப்புப் படகுகளுக்கென்று தனி விதிகள் உள்ளன. நீரோட்டத்தை எதிர்த்துச் செல்பவர்கள் ஓட்டம் குறைந்த கரையோரமாகவே செல்ல வேண்டும். குறிக்கப்பட்ட இடங்களில்தான் மறுகரைக்குக் கடக்கலாம். கப்பலைக் காட்டிலும் அது எழுப்பும் அலையே சிறிய படகைக் கவிழ்த்துவிடக்கூடும் என்பதால், வாண்ட்ஸ்வொர்த் பாலத்திற்கு மேலே பொதுவாக மணிக்கு 8 கடல்மைல், அதாவது சுமார் 15 கிலோமீட்டர், என்ற வேகவரம்பும் இருக்கிறது.

பாலங்களுக்குத் தனி அடையாளங்கள் உண்டு. முக்கோணமாகத் தொங்கும் மூன்று சிவப்பு வட்டங்கள், அந்த வளைவின் கீழ் செல்லக்கூடாது என்பதைக் குறிக்கும். பழுதுபார்ப்புப் பணியால் பாலத்தின் கீழ் உள்ள உயரம் குறைந்தால், பகலில் ஒரு வைக்கோல் கட்டைத் தொங்கவிட வேண்டும். இரவில் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். வானொலியும் ரேடாரும் வந்த பிறகும் இந்தப் பழைய விதி நீக்கப்படவில்லை. 2023ஆம் ஆண்டில் மில்லேனியம் பாலத்தில் பணிகள் நடந்தபோதும், அந்த நவீன எஃகுப் பாலத்தின் அடியில் ஒரு வைக்கோல் கட்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.