கரி சொல்லாத சேதி

வீட்டு ஆர்ஓ கருவிக்கு வெளியே தொங்கும் முதல் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளை வெளேரென்று போட்ட ஸ்பன் ஃபில்டர் சில மாதங்களில் செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும். தொட்டால் விரலில் வழவழவென்று சேறு ஒட்டும். மீன்தொட்டிக்காக ஆர்ஓ வைத்திருப்பவர்களில் பலர் இந்த நிறத்தைப் பார்த்துத்தான் ஃபில்டர் மாற்றும் நாளை முடிவு செய்கிறார்கள். அடுத்து நிற்கும் கார்பன் ஃபில்டரை யாரும் கவனிப்பதில்லை. போட்ட அன்று கறுப்பு. செத்த பிறகும் அதே கறுப்பு.

நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்ற மீன்களுக்குப் பூர்வீகம் அமேசான் படுகை. உப்பு மிகக் குறைந்த மென்னீர் அவற்றின் இயல்பு. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் 1,000-ஐத் தாண்டும் போர்வெல் தண்ணீரை வைத்துக்கொண்டு இவற்றை வளர்க்க விரும்புகிறவர் ஆர்ஓவுக்குத்தான் வர வேண்டும். வந்த நீரில் தேவையான தாது உப்புகளை அளவோடு சேர்த்துக்கொள்வது தனி வேலை.

ஆர்ஓவின் உயிர் அதன் மெம்பரேன். 1959 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கிய சவ்வு செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனது. அது குளோரினை ஓரளவு தாங்கும். இன்று நம் வீடுகளில் இருப்பது பாலிஅமைடு படலம். உப்பைத் தடுப்பதில் பழைய சவ்வைவிடக் கெட்டிக்காரன். குளோரினிடம் மட்டும் தோற்றுவிடுவான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள நீர் 200 முதல் 1,000 மணி நேரம் பட்டாலே படலம் சிதையத் தொடங்கும்.

வீட்டுக் குழாயில் வந்து சேரும்போது நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தர விதி. நம்மைக் கிருமிகளிடமிருந்து காக்கும் அந்தக் குளோரின், மீனின் செவுளை அரித்துவிடும். மெம்பரேனும் அதைத் தடுக்காது. மின்னூட்டமில்லாத சிறு மூலக்கூறாக நழுவித் தொட்டி வரை போய்விடும். ஆக, மெம்பரேனுக்கும் மீனுக்கும் ஒரே காவல் கார்பன் ஃபில்டரில் உள்ள கரிதான்.

கிளர்வூட்டிய கரி ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் உட்பரப்பு மடங்கிக் கிடக்கிறது. குளோரின் அந்தப் பரப்போடு வினைபுரிந்து, தீங்கற்ற குளோரைடாகிறது. வினை நடந்த இடமோ ஆக்ஸிஜனேறிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கிறது. கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் இல்லை.

வாங்கும்போது குருணைக் கரியைவிட, இறுக்கி வார்த்த கார்பன் பிளாக்கைக் கேளுங்கள். குருணையில் நீர் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்து ஓடிவிடும். பிளாக்கில் முழுக் கரியையும் தொட்டுத்தான் போக வேண்டும். முன்னால் போடும் ஸ்பன், பிளாக்கைவிடப் பெருங்கண் உள்ளதாக இருக்கக் கூடாது. 5 மைக்ரான் பிளாக்குக்கு முன் 10 மைக்ரான் ஸ்பன் போட்டால், மண்ணைப் பிடிக்கும் வேலையும் விலை கூடிய கரியின் தலையில் விழும்.

ஸ்பன்னை மாற்ற நிறமும், குறையும் நீர் அழுத்தமும் போதிய அடையாளம். கார்பனுக்கு ஒரே வழி சோதனை. குளோரின் சோதனைத் திரவம் மீன் கடைகளிலேயே கிடைக்கும். கழிவுக் குழாயிலிருந்து நீரைப் பிடியுங்கள். அது கார்பனைத் தாண்டி வந்த நீர்தான், நல்ல நீர் சொட்டுவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆர்த்தோடோலிடின் திரவமானால், சொட்டு விட்டதும் மஞ்சள் தட்டினால் கரி ஓய்ந்துவிட்டது என்று பொருள். நேரடி போர்வெல் நீரில் குளோரின் இருக்காது. அங்கே இரும்பும் மண்ணும்தான் எதிரி, ஸ்பன்தான் அடிக்கடி மாறும்.

புதுக் கார்பனை மாட்டியதும் மெம்பரேனுக்குப் போகும் குழாயைக் கழற்றி, கருந்தூள் நின்று தெளியும் வரை சில லிட்டர் நீரைக் கீழே விடுங்கள். கிண்ணத்தின் ரப்பர் வளையத்துக்கு வாஸ்லின் தடவாதீர்கள், ரப்பர் உப்பிக் கெடும். சிலிக்கான் கிரீஸ் நல்லது.

மாற்றிய தேதியை எழுதிக் கருவியின் மேல் ஒட்டிவையுங்கள். மாதம் ஒருமுறை கழிவு நீரைச் சோதியுங்கள். மஞ்சள் தட்டினால், ஸ்பன் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும், கார்பனை அன்றே மாற்றிவிடுங்கள்.