பொத்தானை எப்போது விடுவது?

1999 உலகக் கோப்பையில், ஹோவ் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக ஆடிய தென்னாப்பிரிக்க அணித் தலைவர் ஹான்சி குரோனியே காதில் ஒரு சிறு வானொலியை மாட்டிக்கொண்டு வந்தார். பயிற்சியாளர் பாப் உல்மர் சொல்வதைக் கேட்கத்தான்! இடைவேளையில் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

அது கேட்க மட்டுமே உதவும். பேசவும் வேண்டுமானால் வாக்கி-டாக்கி தேவை. ஐரோப்பாவில் உரிமமின்றிப் பயன்படும் 446 மெகாஹெர்ட்ஸ் கருவியின் அலைநீளம் சுமார் 67 செ.மீ. இந்த அலைகளை நம் உடல் ஓரளவு உறிஞ்சிவிடும். ஆகவே கருவியை இடுப்பில் செருகுவதைவிடத் தோளருகே மாட்டுவது மேல்.

கூச்சலுள்ள மைதானத்தில் ஒலிவாங்கி வாயருகே வளைந்து வரும் ஹெட்செட்டையே தேர்ந்தெடுங்கள். 20 செ.மீ. தொலைவிலிருந்து 2 செ.மீ.க்கு வந்தால் உங்கள் குரலின் செறிவு ஏறக்குறைய நூறு மடங்காகும். கூட்டத்தின் இரைச்சலோ அப்படியேதான் இருக்கும்.

இக்கருவியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசமுடியும். பொத்தானை அழுத்தி, ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள்; முடித்தபின்பே விடுங்கள். தமிழில் இது மிக முக்கியம். "ஓட வேண்டாம்" என்பதில் கடைசி எழுத்துகள் அறுந்தால், கேட்பவர் "ஓட வேண்டும்" என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். "நில்" என்று சொல்லிப் பழகுங்கள்.