சம்பியனுக்குப் பட்ட நாவூறு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் நான் தலைமயிர் வெட்டப் போகும் சலூனில், கண்ணாடிக்கு மேலே லெஸ்டர் சிற்றி அணியின் படம் ஒட்டியிருந்தது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கை அவர்கள் வென்ற 2016 மே மாதம் ஒட்டியது. வருடக் கடைசியில் அதன் ஒரு மூலை கழன்று தொங்கியது, அணியும் தோற்றுக்கொண்டிருந்தது. “நாவூறு பட்டிட்டுது அண்ணை, வேற என்ன?” என்றார் கடைக்காரர், கத்தரிக்கோலை நிறுத்தாமலே.

லெஸ்டரின் புள்ளிகளை 2014–15 பருவத்திலிருந்து எழுதினால் 41, 81, 44, 47 என்று வரும். அந்த 81ஐ மட்டும் விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். விழுந்த அணி எங்கே?

304 சீட்டாட்டம் ஆடுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கெட்டிக்காரனுக்கு நல்ல சீட்டும் சேர்ந்து வந்தால் அந்த ஆட்டம் அவனுடையது. அடுத்த தடவை கெட்டித்தனம் அவனோடேயே இருக்கும். சீட்டைத்தான் திரும்பக் கலைத்துப் போடுகிறார்கள். உதைபந்தாட்டத்தில் சீட்டின் பங்கு பெரிது, ஏனென்றால் கோல்கள் குறைவு. பிரீமியர் லீக்கில் ஓர் ஆட்டத்துக்கு இரு அணிகளும் சேர்ந்து அடிப்பதே சராசரியாக மூன்றுக்கும் குறைவு. கம்பத்தில் பட்ட பந்து உள்ளே போகிறதா வெளியே தெறிக்கிறதா என்பதில் மூன்று புள்ளிகள் தங்கிவிடலாம். 1995இல் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்துச் சுகததாச மைதானத்தில் இந்தியாவை 1–0 என வென்று நாம் தெற்காசியக் கிண்ணத்தைத் தூக்கியதும் ஒரேயொரு கோலால்தான். அந்தக் கிண்ணம் பிறகு நம் பக்கம் வரவில்லை.

உச்சத்துக்குப் போனது அடுத்த தடவை வழக்கமான அளவை நோக்கி வருவதைச் ‘சராசரிக்குத் திரும்புதல்’ என்பார்கள். 1886இல் பிரான்சிஸ் கால்டன் பெற்றோரின் உயரத்தையும் வளர்ந்த பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு எழுதினார். மிக நெட்டையான பெற்றோரின் பிள்ளைகள், சராசரியாகப் பார்த்தால், அவர்களைவிடக் குட்டை. வேடிக்கை என்னவென்றால், மிக நெட்டையான பிள்ளைகளை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போனாலும் அவர்களின் பெற்றோர், சராசரியாக, பிள்ளைகளைவிடக் குட்டையாகத்தான் இருப்பார்கள். சம்பியன்களும் அப்படியே: வென்ற வருடத்துக்கு முந்திய வருடத்திலும் அவர்களிற் பலருக்குப் புள்ளி குறைவு. அதை நாவூறு என்று யாரும் சொல்வதில்லை.

எல்லாம் அதிர்ஷ்டம் என்று சொல்ல வரவில்லை. லெஸ்டர், நடுக்களத்தில் ஓயாமல் ஓடிய கன்டேயை விற்றது. வாங்கிய செல்சி அடுத்த வருடம் 93 புள்ளிகளோடு சம்பியன். ஐரோப்பியப் போட்டிகளால் கால்களும் களைத்தன. திறமையின் பங்கு கூடிய அணி அவ்வளவாக இறங்காது என்பதும் உண்மை: மன்செஸ்டர் சிற்றி 2018இல் 100 புள்ளி எடுத்துவிட்டு அடுத்த வருடம் 98 எடுத்தது. ஆனால் 81இலிருந்து 44க்கு வந்த தூரம் முழுவதையும் கன்டேயின் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2017 பெப்ரவரியில் பயிற்றுநர் ரனியேரியை நீக்கினார்கள். அடுத்த ஐந்து லீக் ஆட்டங்களிலும் லெஸ்டர் வென்றது. அடிமட்டத்துக்குப் போனதும் சராசரிக்குத்தானே திரும்பும், இந்தமுறை மேல்நோக்கி.

ஏப்ரலில் சலூனுக்குப் போனேன். படத்தின் மூலையைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். “பாத்தீங்களா, ஆளை மாத்தினதும் அடிக்கிறாங்கள்!” என்றார் கடைக்காரர். சவரக்கத்தி கழுத்தடியில் இருந்ததால் நான் மறுத்துப் பேசவில்லை.