கை நடுங்குவது முதுமையால் மட்டுமா?

எமது கிராமங்களில் வயோதிபர் ஒருவரின் கை நடுங்கத் தொடங்கினால், "வயது போய்விட்டது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். நடை தளர்ந்து, சேட்டுப் பொத்தானைப் பூட்டுவதற்கே கால்மணி நேரம் சென்றால் சோம்பல் என்கிறோம். தள்ளாடினால் குடிபோதை என்றும், முகத்தில் சிரிப்பு மறைந்தால் செய்வினை என்றும் கதைப்போர் உளர். ஆனால் இவை பல வேளைகளில் மூளையின் ஒரு சிறு பகுதி நலிந்து போவதன் அடையாளங்களாகும். 1817ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் பெயராலேயே அது பார்க்கின்சன் நோய் எனப்படுகிறது. தமிழில் நடுக்குவாதம் என்போம்.

அசைவு எவ்வாறு பிறக்கிறது?

நாம் ஒரு குவளையைத் தூக்குவது மிக இலகுவான செயலாகத் தோன்றுகிறது. அதற்குள் மூளையின் பல பகுதிகளின் கூட்டுழைப்பு அடங்கியுள்ளது. மூளையின் மேற்பரப்பில் உள்ள இயக்கப் பகுதி தசைகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. இடப்பக்க மூளை வலப்பக்க உடலையும், வலப்பக்க மூளை இடப்பக்க உடலையும் இயக்குகின்றது. பாரிசவாதம் வந்தோருக்கு ஒரு பக்கம் மட்டும் செயலிழப்பது இதனாலேயே. தலையின் பின்புறத்தில் உள்ள சிறுமூளை அசைவின் அளவையும் சமநிலையையும் சரிபார்க்கிறது. மது அருந்தியவர் தள்ளாடுவது முக்கியமாகச் சிறுமூளை பாதிப்புறுவதால் ஆகும்.

மூன்றாவதாக, மூளையின் ஆழத்தில் இரு புறமும் நரம்புக்கலத் திரள்கள் உள்ளன. மருத்துவர் இவற்றை பேசல் கங்கிலியா என்பர். இவற்றின் வேலையை எமது கமக்காரர் எளிதில் விளங்கிக்கொள்வர். குளம் நிரம்பியிருந்தாலும் துருசு திறந்தால்தான் வயலுக்கு நீர் பாயும். வேண்டாத வாய்க்காலை மறிக்கவும் வேண்டும். அவ்வாறே இத்திரள்கள் வேண்டிய அசைவுக்கு வழிவிட்டு, வேண்டாத அசைவைத் தடுக்கின்றன. இத்துருசைத் திறக்க உதவும் இரசாயனமே டோபமின். நடுமூளையில், கருமை நிறம் கொண்டதால் கரும்பொருள் என அழைக்கப்படும் பகுதியின் கலங்கள் இதனைச் சுரந்து அனுப்புகின்றன.

இக்கலங்கள் மடியும்போது டோபமின் குறைகிறது. தசையில் பலம் உண்டு, மனதில் விருப்பமும் உண்டு. துருசு மட்டும் திறப்பதில்லை. நோய் வெளியே தெரியும் வேளையில் இக்கலங்களில் ஏறத்தாழ அரைவாசியோ அதற்கு மேலோ அழிந்திருக்கும். இதற்கு மாறாக, ஹண்டிங்டன் என்னும் பரம்பரை நோயில் அத்திரள்களே சிதைவதால், அடக்கமுடியாத அசைவுகள் தோன்றுகின்றன.

சர்ப்பகந்தா வேர் தந்த பாடம்

இவ்வுண்மை வெளிப்பட்டதில் எமது பிரதேசத்து மூலிகை ஒன்றுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தா வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1957இல் சுவீடன் விஞ்ஞானி ஆவிட் கார்ல்சன் விலங்குகளுக்கு ரிசர்பின் கொடுத்தபோது அவை அசைவற்றுக் கிடந்தன. டோபமினாக மாறும் லெவோடோபாவை ஏற்றியதும் அவை மீண்டும் நடமாடின. 1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச் என்பாரும் அவருடன் உழைத்தவரும், இறந்த நோயாளரின் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருப்பதைக் கண்டனர். மறு ஆண்டில் லெவோடோபா ஊசி ஏற்றப்பட்ட நோயாளர் சிலர் படுக்கையை விட்டு எழுந்தனர். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

வயலில் தெளிக்கும் நஞ்சு

1982இல் கலிபோர்னியாவில், கலப்படமான போதைமருந்தை ஏற்றிய இளைஞர் சிலர் சடுதியாகக் கல்லாய் உறைந்தவர்போல் ஆயினர். அதில் இருந்த எம்.பி.ரி.பி. என்னும் நஞ்சு அவர்களது கரும்பொருள் கலங்களை அழித்திருந்தது. அந்நஞ்சு மூளையில் மாற்றமடைந்து பெறும் வடிவம், பரகுவாட் என்ற களைநாசினியை ஒத்த அமைப்புடையது. இதனால் ஆய்வாளரின் கவனம் விவசாய நஞ்சுகள் மீது திரும்பியது. 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், பரகுவாட் அல்லது ரோட்டினோன் பாவித்தோரிடையே இந்நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது. பிரான்ஸ் 2012இல், பூச்சிநாசினியுடன் உழைத்த விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சனைத் தொழில்சார் நோயாக ஏற்றுக்கொண்டது.

இலங்கையில் கிரமக்சோன் என்ற பெயரில் கமக்காரர் அறிந்திருந்த பரகுவாட், 2008 முதல் 2011 வரையான காலத்தில் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. நஞ்சருந்தி மாண்டோரின் தொகையே அதற்குக் காரணம். எனினும் அந்நாட்களில் மேலாடையும் கையுறையும் இன்றித் தெளித்தவர்கள் இன்று முதுமையை அடைகின்றனர். நஞ்சு தெளித்த எல்லோருக்கும் இந்நோய் வருவதில்லை. வந்தோர் எல்லோரும் நஞ்சு தெளித்தவரும் அல்லர். வயது, பரம்பரை, சூழல் ஆகிய பலவும் சேர்ந்தே இதனை உண்டாக்குகின்றன. ஆயினும் தவிர்க்கக்கூடிய ஆபத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்? காற்றுக்கு எதிராகத் தெளிப்பதும், வெறுங்கையால் கலக்குவதும், வெறும் போத்தலை வீட்டுப் பாவனைக்கு எடுப்பதும் எமது கமக்கார சங்கங்களில் பேசப்பட வேண்டிய விடயங்கள்.

கவனிக்க வேண்டியவை

கை சும்மா இருக்கும்போது நடுங்குதல், அசைவு மெதுவாதல், உடல் இறுகுதல், குறுகிய அடிவைத்து நடத்தல், எழுத்துச் சிறுத்தல், குரல் தணிதல் என்பன முக்கிய அறிகுறிகள். மணம் அறியும் சக்தி குறைதல், மலச்சிக்கல், உறக்கத்தில் கை கால் உதைத்தல் என்பன பல ஆண்டுகள் முன்னரே தோன்றலாம். நடுக்கம் எல்லாம் பார்க்கின்சன் அன்று. குவளையை நீட்டும்போது மட்டும் நடுங்குவது பெரும்பாலும் வேறொரு நிலை. மனநோய்க்கும் வாந்திக்கும் தரப்படும் சில மருந்துகள் டோபமினின் வேலையைத் தடுத்து இதே தோற்றத்தை உண்டாக்கலாம். ஆகவே வைத்தியரிடம் செல்லும்போது பாவிக்கும் மருந்துகள் அனைத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

லெவோடோபா நோயை மாற்றாது. ஆனால் அசைவை மீட்டுத் தரும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்னர் அதனை எடுப்பது நல்லது. மீன், இறைச்சி, பருப்பு போன்றவற்றின் புரதம் அம்மருந்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கலாம். குளிசை முடிந்துவிட்டது என்று திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தானது. பஸ் செலவுக்குப் பணமின்றிக் கிளினிக்கைத் தவறவிடும் குடும்பங்களுக்கு அயலவர் கைகொடுக்க வேண்டிய இடம் இதுவே. பூனைக்காலி விதையிலும் லெவோடோபா உண்டு என்பது 1937இலேயே நிறுவப்பட்டது. ஆனால் விதைக்கு விதை அதன் அளவு மாறும். குளிசையுடன் தாமாகச் சேர்த்து உண்பது கூடாது.

வீட்டிலும் செய்யக்கூடியவை உண்டு. நாளாந்தம் நடைப்பயிற்சி செய்விக்கலாம். வாசலில் கால் உறைந்து நின்றால் நிலத்தில் குறுக்குக் கோடுகள் வரைந்துவிட்டால் அவற்றைத் தாண்டி நடப்பர். தாளம் தட்டினாலும் கால் எழும். விழுங்கச் சிரமப்படுவோருக்கு ஆறுதலாக உணவூட்ட வேண்டும்.

முகத்தசை இறுகியவர் சிரிக்காததால் அவருக்கு அன்பு இல்லை என்று எண்ணலாகாது. அவர் பதில் சொல்லத் தாமதித்தால் கேள்வி விளங்கவில்லை என்றும் எண்ணலாகாது. எம் அயலில் உள்ள நடுங்கும் கைகளைப் பரிகசிக்காது, அக்கைகளுக்குரியவரை முதலில் வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். பின்னர், அவர் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருப்போம்.