போல்ட் பொருந்தினால் போதுமா?

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயிலும்தான் நினைவுக்கு வரும். ஊரைத் தாண்டினால் ஏரியும் நெல் வயலும்தான். உத்திரமேரூர் பக்கம் விவசாயம் பார்க்கும் என் மாமா, வேறு கம்பெனி டிராக்டருக்குச் செய்த பழைய லோடர் ஒன்றை வாங்கி வந்தார். "டிப்ளமோ படிக்கிறியே, நம்ம வண்டியில மாட்டிக் குடுடா" என்றார். பட்டறையில் பிராக்கெட்டுக்குப் புதுத் துளை போட்டு ஒரே நாளில் மாட்டிவிட்டோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை!

மறுநாள் வண்டல் மண்ணோடு ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது மாமா பிரேக்கை மிதித்தார். பின்சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. சறுக்கிப் போய் ஒரு பனைமரத்தில் முட்டித்தான் நின்றது. மாமா பிழைத்தது மரத்தால், என் படிப்பால் அல்ல.

அன்றிரவுதான் மெக்கானிக்ஸ் நோட்டை எடுத்தேன். இரு அச்சுக்கும் நடுவே 1.8 மீட்டர், முன் அச்சுக்கு 1.5 மீட்டர் முன்னால் பக்கெட், அதில் 500 கிலோ மண் என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சைப் பற்றி மொமெண்ட் எடுத்தால் முன் அச்சில் ஏறும் பாரம் 500 × 3.3 ÷ 1.8 = 917 கிலோ! மண்ணைவிட அதிகமான அந்த 417 கிலோ எங்கிருந்து வந்தது? பின்சக்கரத்திலிருந்து. நம்மூர் டூவீல் டிரைவ் டிராக்டர்களில் பிரேக் இருப்பதோ பின்சக்கரத்தில் மட்டும். அது லேசாகிவிட்டால் பிரேக் பிடித்து என்ன பயன்?

மருந்து சுலபம். பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 300 கிலோ கான்கிரீட் கட்டையை மாட்டினால், பின்சக்கரத்துக்கு 467 கிலோ திரும்பக் கிடைக்கும். முன் அச்சிலும் 167 கிலோ குறையும். தாத்தா காலத்துக் கிணற்று ஏற்றத்தின் கணக்கும் இதுதானே!

இன்னொன்று. லாரி மாதிரி விவசாய டிராக்டருக்குத் தனி சேசிஸ் பொதுவாகக் கிடையாது. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ் எல்லாம் போல்டால் கோத்த வார்ப்பிரும்புப் பெட்டிகள். லோடரை முன்பக்கம் மட்டும் பிடித்தால் பாரமெல்லாம் அந்த மூட்டுகளில் விழும். அதனால் பிரேமைப் பின் அச்சு ஹவுசிங் வரை கொண்டுபோய்க் கட்ட வேண்டும். முன் அச்சு எவ்வளவு தாங்கும் என்பதைக் கையேட்டில் பாருங்கள். பக்கெட் தூக்கவில்லை என்று ரிலீப் வால்வைத் திருகி அழுத்தத்தை ஏற்றாதீர்கள்.

மாமா வண்டி இப்போது பின்னால் கட்டையோடு, அரை பக்கெட் மண்ணோடுதான் ஓடுகிறது. பட்டறையில் "போல்ட் பொருந்துதா?" என்று கேட்பார்கள். நாம் கேட்க வேண்டியது, "பாரம் எங்கே போகுது?"

- மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு