நிரை பிடித்த மரங்கள்

பீடோங் பக்கம் நாங்கள் வாழ்ந்த பால்மரத் தோட்டம் இன்று செம்பனையாகிவிட்டது. பழைய தோட்டத்தைக் கைப்பேசி விளையாட்டாகச் செய்தேன்: ஒரு சதுர கிலோமீட்டரில் 40,000 மரங்கள். அம்மாவின் பழைய கைப்பேசியில் அது திக்கித் திணறியது.

தவறு என்னுடையது. ஒரு மரம் நிற்கும் இடத்தைச் சொல்ல மூன்று எண்கள் போதும்: கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு, உயரம். எண்ணுக்கு 4 பைட், மொத்தம் 12. நானோ சி ஷார்ப் மொழியில் ஒவ்வொரு மரத்தையும் தனிப்பொருளாக எழுதியிருந்தேன். அதன் தலைப்பும் முகவரியும் சேர்ந்து 40 பைட் ஆனது. நினைவகத்தில் மரங்கள் சிதறியும் கிடந்தன.

அம்மாவிடம் விளக்கினேன். “காட்டுல கெடக்குற மரத்த எப்படிய்யா வெட்டுறது? நிரையா நட்டாத்தானே வேலை ஓடும்,” என்றார்.

எண்களை மட்டும் ஒரே நிரையாக அடுக்கினேன். செயலி பெரும்பாலும் ஒருமுறைக்கு 64 பைட் அள்ளும். ஐந்து மரங்கள் சேர்ந்தே வந்தன. பிறகு எண்ணுக்கு 2 பைட் எனச் சுருக்கினேன். ஒரு கிலோமீட்டரை 65,536 பங்காக்கினால் ஒரு பங்கு ஒன்றரை சென்டிமீட்டர். மரத்துக்கு அது போதும். 1,600 கிலோபைட் 240 ஆனது.

இப்போது அம்மா திணறல் இல்லாமல் தன் நிரையில் நடக்கிறார். “கோயில் ஓரத்துல ஒரு மரம் கொறையுதே,” என்கிறார்.