குருவை வீழ்த்திய மாணாக்கர்

1877ஆம் ஆண்டளவில் டோக்கியோ நகரத்துத் தெருக்களிலே இளைஞர் ஒருவர் முறிவு நெரிவு வைத்தியர்களின் பெயர்ப் பலகைகளைத் தேடித் திரிந்தார். கையோ காலோ முறிந்தமையால் அன்று. வைத்தியர் வீட்டினுள் நுழைந்ததும், தங்களுக்கு ஜூஜுட்சு என்னும் மற்போர் வித்தை தெரியுமா என்றே அவர் வினவினார்.

இதற்குத் தக்க காரணம் இருந்தது. 1868ஆம் ஆண்டு ஏற்பட்ட அரசியல் மாற்றத்தின் பின்னர், யப்பானியப் போர்வீரர் குலத்தின் செல்வாக்குச் சரிந்தது. வாள் தரிப்பதும் 1876இல் தடைசெய்யப்பட்டது. ஆதரிப்பாரற்ற மற்போர் ஆசான்கள், தம் வித்தையோடு தொடர்புடைய முறிவு வைத்தியத்தைக் கைக்கொண்டு வயிறு வளர்த்தனர். ஆகவே வைத்தியரைக் கண்டால் ஆசானையும் காணலாம் என்பது இளைஞரின் கணக்கு.

அவர் பெயர் ஜிகோரோ கானோ. 1860ஆம் ஆண்டு கோபே நகருக்கு அண்மையிலுள்ள மிக்காகே என்னும் ஊரிற் பிறந்தவர். ஐந்தடி இரண்டங்குல உயரமே உடைய மெலிந்த தேகத்தினர். கல்வியில் முதன்மை பெற்றாராயினும், பள்ளி விடுதியிலே பலசாலிகளான மாணவரின் தொல்லை பொறுக்கமாட்டாது வருந்தியவர். தேடலின் பயனாக, யாகி என்னும் வைத்தியர் தம் நண்பர் புக்குடா ஹச்சினோசுக்கே என்பவரிடம் அவரை அனுப்பிவைத்தார்.

புக்குடா கற்பித்த முறையைக் கானோவே பிற்காலத்தில் விவரித்திருக்கின்றார். ஒருநாள் குரு அவரைத் தூக்கி எறிந்தார். கையை எங்கே வைப்பது, காலை எவ்வாறு எடுப்பது என்று மாணாக்கர் எழுந்து கேட்டார். குரு அருகில் அழைத்து மறுபடியும் எறிந்தார். மீண்டும் கேட்டார், மீண்டும் எறியப்பட்டார். சொல்லி விளங்குவதன்று, பன்முறை விழுந்தால் தானே விளங்கும் என்பது அம்முதியவரின் கொள்கை. இக்காலப் பெற்றோர் இதனை ஒப்புவரோ என்பது ஐயமே. நாமும் முற்றாக ஒப்பவில்லை. ஆயினும் கானோ உடலெங்கும் மருந்துப் பூச்சுடன் நாள்தோறும் சென்றார். சக மாணவர் அம்மருந்தின் வாசனையைக் கண்டு நகைத்தனராம்.

அங்கே பயின்றவருள் பருத்த உடலினர் ஒருவரைக் கானோவால் அசைக்கவும் முடியவில்லை. சூமோ மற்போரின் பிடிகளைக் கற்றுப் பார்த்தார், பயனில்லை. பின்னர் நூலகத்துக்குச் சென்று மேனாட்டு மல்யுத்த நூல்களைப் புரட்டினார். எதிரியைத் தோளின் குறுக்கே சுமந்து மறுபுறம் வீழ்த்தும் முறை ஒன்று அகப்பட்டது. அதனைப் பழகி அந்த மலைபோன்ற மனிதரையும் விழுத்தினார். தோட்சக்கரம் எனப் பொருள்படும் 'கத்தா குருமா' ஆக அது இன்றும் ஜூடோவில் நிலைத்துள்ளது.

1879 ஓகஸ்டில் புக்குடா காலமானார். குடும்பத்தினர் பயிற்சிக்கூடத்தையும் வித்தைச் சுவடிகளையும் கானோவிடம் ஒப்படைத்தனர். பதினெட்டு வயதிலே ஆசான் பட்டம் தானாக வந்து வாய்த்தது. ஆனால் தாம் இன்னும் பக்குவமடையவில்லை என உணர்ந்த அவர், அதே மரபைச் சேர்ந்த இசோ என்னும் முதியவரிடம் மாணாக்கராய்ச் சேர்ந்தார். இசோவும் 1881இல் மறைய, கித்தோ மரபினரான ஈக்குபோ சுனெத்தோஷியை நாடினார்.

1882ஆம் ஆண்டு, இருபத்தொரு வயதிலே, எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில் இடம் பெற்றுத் தமது கூடத்தைத் தொடங்கினார். கோடோக்கான் என அதற்குப் பெயர். மார்க்கத்தைப் பயிலும் மன்றம் என்பது பொருள். பன்னிரண்டு பாய்கள் விரிக்கத்தக்க இடம். முதலாண்டில் ஒன்பது மாணாக்கர். இவர்கள் விழுந்தெழும் அதிர்ச்சியால் ஆலயத்தில் இறந்தோர் நினைவாக வைக்கப்பட்ட பலகைகள் சரிந்தன; நிலம் தாழ்ந்தது. குருக்கள் முறையிட்டார். கானோ இரவிலே விளக்குடன் நிலப்பலகைகளின் கீழே தவழ்ந்து, முறிந்த மரங்களைத் தாமே செப்பனிட்டார். பகலில் ஆசிரியத் தொழில். இரவில் மொழிபெயர்ப்பு வேலை. அவ்வூதியங்கொண்டே மாணாக்கரைப் பேணினார்.

இத்தனைக்கும் அவர் மாணாக்கராயிருப்பதை விட்டாரல்லர். ஈக்குபோ கோடோக்கானுக்கு வந்து கற்பித்தார். கானோ அவரிடம் விழுந்துகொண்டேயிருந்தார். ஐம்பது வயதைக் கடந்த அக்குருவின் எறிதலிலிருந்து தப்புவது அரிதாயிருந்தது. 1880களின் நடுப்பகுதியில் ஒருநாள் நிலைமை மாறியது. அன்று குருவின் எறிதல் ஒன்றேனும் பலிக்கவில்லை. கானோவின் எறிதல்களோ அடுத்தடுத்துப் பலித்தன. வியந்த குரு காரணம் வினவினார்.

கயிறிழுத்தற் போட்டியிலே எதிர்க்கட்சியினர் திடீரெனக் கயிற்றை நெகிழவிட்டால் நிகழ்வது யாதென நம் சிறுவர் அறிவர். கானோ கண்டதும் அத்தகையதே. தள்ளப்பட்டவன் தன்னையறியாமல் எதிர்த்துத் தள்ளுவான், இழுக்கப்பட்டவன் பின்வாங்குவான். அக்கணத்திலே அவன் சமநிலை குலைகின்றது. முதலில் அதனைக் குலைத்த பின்னரே எறிதல் வேண்டும். 'குசுஷி' எனப்படும் இத்தத்துவத்தை அவர் குருவுக்கு விளக்கிக் கூறினார். ஈக்குபோ சினங்கொள்ளவில்லை. இனித் தாம் கற்பிக்க யாதுமில்லை என்றும், இளைஞருடன் பயின்று மேலும் ஆராய்க என்றும் சொல்லி, அன்றுமுதல் அவருடன் பொருதுவதை நிறுத்திக்கொண்டார். மாணாக்கரிடம் தோற்று அதனை ஒப்புக்கொண்ட இம்முதியவரை நாம் கானோவினும் குறைவாக மதிக்கவில்லை.

கானோவின் கூடத்திலே கேள்வி கேட்டவன் எறியப்படவில்லை. வரையறுத்த வடிவங்கள், தடையின்றிப் பொருதும் பயிற்சி ஆகியவற்றுடன், விரிவுரையும் வினாவிடையும் பாடத்தின் உறுப்புகளாயின. பின்னாளில் ஆசிரியர்களைப் பயிற்றும் டோக்கியோ உயர்தரக் கல்லூரிக்கு அவர் நெடுங்காலம் அதிபராயிருந்தார். 1909இல் ஒலிம்பிக் சபையின் முதல் ஆசிய உறுப்பினரானார். அச்சபையின் கெய்ரோ கூட்டத்திலிருந்து திரும்பும் வழியில், 1938 மே 4ஆம் திகதி, கப்பலிலேயே உயிர்நீத்தார். 1964இல் டோக்கியோவில் ஜூடோ ஒலிம்பிக் போட்டியாகச் சேர்க்கப்பட்டதை அவர் கண்டாரில்லை.

புக்குடாவின் வீட்டிலே விழுந்தெழுந்த நாளில் அவர் அணிந்த பயிற்சிச் சட்டை கோடோக்கான் அரும்பொருட்சாலையில் பேணப்படுகின்றது. கைகள் குட்டையானவை, கிழிந்து கிழிந்து தைத்த தையல்களே அதில் மிகுதி.